அடுக்களைப் புகையும் அலாரமும்

நெமிலிச்சேரியில் எங்கள் ஆயா வாழ்ந்த வீட்டின் அடுக்களைக்குப் புகைபோக்கி கிடையாது. சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் ரயிலில் ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம் ஆகியவற்றைத் தாண்டினால் வரும் சிறிய நிலையம் அது. அடுத்த நிறுத்தம் திருநின்றவூர். இன்று வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலை அவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. என் சிறுவயதில் அங்கே ஏரியும் நெல்வயலும் நாட்டு ஓடு வேய்ந்த வீடுகளுமே இருந்தன. விடியற்காலையில் ரயிலை விட்டு இறங்கினால் ஒவ்வோர் ஓட்டுக் கூரையின் சந்துகளிலிருந்தும் புகை கசிந்துகொண்டிருக்கும். அந்தப் புகையைக் கண்டால் எங்களுக்குப் பசியெடுக்கும். அதைக் கண்டு அஞ்சவேண்டும் என்று எவரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

சென்ற குளிர்காலத்தில் என் அக்காள் மகன் தொலைபேசியில் அழைத்தான். அமெரிக்காவின் வடகிழக்கில், ஆறு மாதம் பனி மூடும் ஓர் ஊரில் வசிக்கிறான். வீட்டைச் சூடாக்க விறகு எரிக்கும் இரும்புக் கணப்படுப்பு ஒன்றை அதற்கு முந்தைய ஆண்டு வாங்கியிருந்தான். "மாமா, கண்ணுக்குப் புகையே தெரியல. ஆனா விறகு போடலாம்னு கதவைத் திறந்தா ஸ்மோக் அலாரம் கத்துது. குழந்தை அலறி எழுந்திரிக்குது. நேத்து ராத்திரி பாட்டரியைக் கழட்டி வச்சிட்டேன்" என்றான். எனக்கு இரும்படுப்பைப் பற்றி எதுவும் தெரியாது. ஆயினும் கடைசி வாக்கியம் உறுத்தியது. முதலில் பாட்டரியைத் திரும்பப் போடு என்றேன். பிறகு, புகையைப் பற்றியும் அதைக் கண்டறியும் முயற்சிகளைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். தேடல் எதிர்பாராத இடங்களுக்கு இட்டுச்சென்றது. அவற்றுள் முதலாவது மணிமேகலை.

மணிமேகலை சொல்லும் பொய் எச்சரிக்கை

புகையைக் கண்டு நெருப்பை அறிவது இந்தியத் தருக்க நூல்களின் நிலையான எடுத்துக்காட்டு. மலையில் புகை தெரிகிறது. ஆகவே மலையில் நெருப்பு உண்டு. புகைக்கும் நெருப்புக்குமுள்ள உறவு எங்கே கண்டு தெளியப்பட்டது என்று கேட்டால் நியாய நூலார் அனைவரும் காட்டும் இடம் அடுக்களை. அதற்கு எதிர்மறையாகக் காட்டப்படுவது நீர்நிலை: அங்கே நெருப்புமில்லை, புகையுமில்லை. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை முறைகளை உபதேசிக்கும் காதையில் சாத்தனாரும் இதே அடுக்களையைத் திட்டாந்தமாக வைக்கிறார். பௌத்த தருக்கத்தைத் தமிழில் சொல்லவந்த புலவருக்கு அன்றாடம் புகைசூழ்ந்த அடுக்களையைவிட நல்ல சான்று கிடைக்கவில்லை.

அத்துடன் அவர் நிற்கவில்லை. அனுமானத்தில் நேரும் பிழைகளை வகைப்படுத்துகையில் ஒன்றைச் சொல்கிறார்: கண்ணில் படுவது ஆவியா, பனியா, புகையா என்ற ஐயம் தீராமலேயே, அது புகைதான், எனவே நெருப்பு உண்டு என்று துணிந்துவிடுதல். ஏதுவே ஐயத்துக்குரியது, அதைக்கொண்டு முடிவு கட்டுவது குற்றம். குளியலறைக் கதவைத் திறந்ததும் வெந்நீராவி பட்டு அலறும் இன்றைய அலாரம் செய்யும் பிழை இதுவேயன்றி வேறில்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஏதுவில் ஐயம் இருந்தால் தருக்க நூல் நமக்குச் சொல்வது ஏதுவை இன்னும் கூர்ந்து பார் என்பதுதான். மலையின் பக்கமே திரும்பாதே என்று அது சொல்வதில்லை. பாட்டரியைக் கழற்றுவது அந்த இரண்டாவது வழி.

ஒரு சிகரெட்டும் ஒரு கருவியும்

அலாரத்தின் பிறப்பும் ஒருவகையில் பிழையிலிருந்தே தொடங்குகிறது. 1930களில் சுவிட்சர்லாந்தின் இயற்பியலாளர் வால்டர் யேகர் நச்சுவாயுவைக் கண்டறியும் கருவியொன்றைச் செய்ய முயன்றார். காற்றின் மூலக்கூறுகளை மின்னேற்றம் பெறச் செய்து, அவற்றின் வழியே மெல்லிய மின்னோட்டத்தை ஓடவிடுவது; நச்சுவாயு புகுந்தால் ஓட்டம் குறையும் என்பது அவர் எண்ணம். வாயு எவ்வளவு புகுந்தும் அளவுமானி அசையவில்லை. சலித்துப்போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். மானியின் முள் சரிந்தது. வாயு செய்யாததைப் புகைத்துகள்கள் செய்தன. அதே நாட்டைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் மைலி அடுத்த சில ஆண்டுகளில் அந்தச் சிறு மாற்றத்தைப் பெருக்கி மணியடிக்கச் செய்யும் வழியைக் கண்டார். 1965இல் அமெரிக்காவின் கொலராடோவில் டுவேன் பியர்சால் பாட்டரியில் இயங்கும் எளிய வீட்டுக் கருவியை உருவாக்கினார். 1970களில் அது பெருமளவில் வீடுகளுக்குள் நுழைந்தது.

அயனிவகை அலாரங்களுக்குள் அமெரீசியம் 241 என்னும் கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கிலும் குறைவான அளவு. அது இரு தகடுகளுக்கு இடையிலுள்ள காற்றை மின்னேற்றம் செய்கிறது. புகைத்துகள் உள்ளே வந்தால் மின்னோட்டம் தளர்கிறது. கண்ணால் காணவியலாத மிக நுண்ணிய துகள்களைத்தான் இவ்வகை விரைந்து உணரும். "புகையே தெரியல" என்று என் மருமகன் சொன்னதற்கு விடை இதில் இருக்கிறது: கொழுந்துவிட்டு எரியும் விறகின் துகள்கள் நம் கண்ணுக்குத் தெரியாதவை, கருவிக்குத் தெரிபவை. மற்றொரு வகை ஒளியைக்கொண்டு இயங்குவது. இருட்டறையில் ஓர் ஒளிக்கற்றை. துகள் குறுக்கிட்டால் ஒளி சிதறி உணரியின்மேல் விழும். கனன்று கனன்று வெளிவரும் பருத்த புகையை இது விரைந்து அறியும். சமையல் வாடைக்கு அவ்வளவாக அலறாது. இரண்டையும் சேர்த்து வைப்பதே நல்லது என்பார்கள். சமையலடுப்பிலிருந்து பத்தடியாவது தள்ளி மாட்டவேண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை கருவியையே மாற்றவேண்டும்.

அமெரிக்க வீட்டுத் தீவிபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அலாரமே இல்லாத வீடுகளிலோ, அலாரம் இருந்தும் இயங்காத வீடுகளிலோ இறக்கிறார்கள். இயங்காத அலாரங்களில் பல, பாட்டரி கழற்றப்பட்டவை. கழற்றியதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம், அது அடிக்கடி அலறித் தொல்லை செய்தது என்பது.

இழுப்பு

புகைபோக்கி வெறும் குழாயன்று. வெப்பத்தால் இயங்கும் ஓர் எந்திரம். சூடான காற்று இலேசானது, மேலே செல்லும். அது சென்ற வெற்றிடத்தை நிரப்ப அறையின் காற்று அடுப்புக்குள் பாயும். இதைத்தான் நம் கொத்தனார்கள் 'இழுப்பு' என்பார்கள். இழுப்பு இருக்கும்வரை அடுப்பின் கதவைத் திறந்தாலும் புகை வெளியே வராது. இழுப்புக் குறைந்தால் புகை வந்தவழியே திரும்பும். ஆகவே அலாரம் அடித்தால் தேடவேண்டியது இழுப்பைக் கெடுத்தது எது என்பதையே.

மருமகனிடம் நான் படித்தவற்றை வரிசையாகக் கேட்டேன். அடுப்பு புதிதா? புத்தம்புது அடுப்பின் வண்ணப்பூச்சு முதல் சில முறை எரிக்கும்போது தீய்ந்து புகையும். சன்னலைத் திறந்துவைத்து எரித்தால் அது தீர்ந்துவிடும். இல்லை, ஓராண்டுக்கு மேல் ஆயிற்று என்றான். விறகு காய்ந்ததா? பச்சை மரத்தின் எடையில் பாதிவரை நீர் இருக்கும். நீர் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியபின்தான் அது நல்ல விறகு. ஈரவிறகின் வெப்பத்தை நீராவியே தின்றுவிடும், புகைபோக்கி சூடேறாது, சூடேறாத குழாயில் இழுப்பு ஏது? பற்றவைக்கும்போது குழாய் குளிர்ந்து கிடக்கிறதா? அப்படியானால் முதலில் ஒரு தாளைக் கொளுத்திக் குழாயின் வாயருகே காட்டிச் சூடேற்றவேண்டும். கதவைச் சட்டென்று திறக்கிறாயா? முதலில் காற்றுவழியை அகலத் திறந்து, கதவை விரற்கடை அளவு விலக்கிச் சற்றுப் பொறுத்தபின் திறக்கவேண்டும். சமையலறைப் புகைவிசிறி அப்போது ஓடுகிறதா? குளிர்நாட்டு வீடுகள் காற்றுப்புகாமல் கட்டப்பட்டவை. விசிறி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக வேறு காற்று எங்கிருந்தாவது வந்தாகவேண்டும். வேறு வழியில்லையேல் புகைபோக்கி வழியே கீழ்நோக்கி வரும், புகையையும் கூட்டிக்கொண்டு.

விசிறியை நிறுத்தி, ஒரு சன்னலைச் சற்றே திறந்து பார்த்தான். அலறல் குறைந்தது, முற்றும் நிற்கவில்லை. கடைசியாகக் கேட்டேன்: குழாயைத் துடைத்து எவ்வளவு நாளாயிற்று? பதில் இல்லை.

பாதி எரிந்த புகை குளிர்ந்த குழாயின் உட்சுவரில் தாராகப் படியும். அதைக் கிரியோசோட் என்கிறார்கள். குழாயை அடைப்பது அதன் முதல் தீங்கு. தானே தீப்பற்றிக் குழாய்க்குள் கொழுந்துவிடுவது அடுத்த தீங்கு. அதனால்தான் அந்நாடுகளில் ஆண்டுக்கொருமுறை புகைபோக்கியைச் சோதித்துத் துடைப்பது கடமை. மருமகனின் வீட்டுக்கு வந்த துடைப்பாளர் கூரைமேல் ஏறிப்பார்த்தார். குழாயின் உச்சியில் பொறி பறக்காமல் தடுக்கும் கம்பிவலை ஏறத்தாழ முழுவதும் அடைபட்டிருந்தது. இன்னும் சில வாரங்கள் சென்றிருந்தால் புகையோடு கார்பன் மோனாக்சைடும் படுக்கையறைக்குத் திரும்பியிருக்கும் என்றாராம். அந்த வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. புகையை அறியும் கருவி அதை அறியாது. அதற்கென்று தனி அலாரம் வேண்டும். அது இவன் வீட்டில் இல்லை. பல நாள் குழந்தையை எழுப்பிய அலாரம் ஒருநாள்கூடப் பொய் சொல்லவில்லை.

இதைக் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது நெமிலிச்சேரி அடுக்களை.

கண்ணும் இருமலும்

ஆயாவின் அடுக்களையில் மண்ணால் மெழுகிய கோட்டை அடுப்பும், பக்கத்தில் கொடியடுப்பும் இருந்தன. விறகுத்தொட்டியில் வாங்கிய சவுக்குக் கட்டை பண்டிகைக்கு. மற்ற நாள்களில் வேலிகாத்தான் முள், பனைமட்டை, வறட்டி. மழைக்காலத்தில் அவை எல்லாமே நமுத்திருக்கும். ஆயா ஊதுகுழலை வாயில் வைத்துக் குனிந்து ஊதுவார். புகை அவர் முகத்தில்தான் முதலில் அறையும். கண்ணிலிருந்து நீர் வழியும். முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதுவார். அடுக்களையில் ஓர் அலாரம் இருந்ததென்றால் அது அவருடைய கண்களும் இருமலுமே. நாள்தோறும் அவை அடித்துக்கொண்டிருந்தன. வீட்டில் எவரும் செவிசாய்க்கவில்லை; ஆயாவும் உட்பட.

இலக்கியமும் புகையை வேறு விதமாகவே கண்டிருக்கிறது. குறுந்தொகையின் 167ஆம் பாடலில் கூடலூர் கிழார், புதிதாய் மணமான பெண் தாளிப்புப் புகை கண்ணில் படிய, கலங்காமல் சமைத்துக் கணவனுக்குப் படைப்பதைப் பாடினார். அக்கண்கள் அன்பின் அடையாளம். புறநானூற்றின் 164ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் சமைத்தலையே மறந்த அடுப்பில் காளான் பூத்திருப்பதைக் குமணனிடம் சொன்னார். புகையாத அடுப்பு வறுமையின் அடையாளம். இவ்விரு பாடல்களுக்கும் இடையே நின்று பார்த்தால், புகையும் அடுப்பு மங்கலமாகவும் கலங்கிய கண் கற்பாகவும் நம் மனத்தில் பதிந்தது எப்படி என்று ஓரளவு விளங்கும். இப்பாடல்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அழகாகச் சொல்லப்பட்டுவிட்ட துன்பம் துன்பமாகத் தெரிவதற்கு நெடுங்காலம் ஆகிறது என்பதே என் ஆதங்கம்.

புகைக்குப் பயனும் இருந்தது. பரணில் தொங்கிய விதைக்கதிர்களைப் பூச்சி அண்டாது; கூரையின் மூங்கிலையும் கீற்றையும் கரையான் எளிதில் அரிக்காது; கொசு குறையும். புகையை வீட்டைவிட்டு விரட்டுவதில் வீட்டாருக்கு ஆர்வமில்லாமல் போனதற்கு இவையும் காரணம். பயன் கூரைக்குக் கிடைத்தது. விலையைக் கொடுத்தது கூரையின்கீழ் குனிந்திருந்தவள்.

புகையற்ற அடுப்பின் கதை

அந்த விலையை முதலில் கவனித்தவர்களுள் கிராமத் தொழில்களைப் பேணியவர்கள் இருந்தனர். 1934இல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளராக வார்தாவின் மகன்வாடியில் பணியாற்றியவர், தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. மகன்வாடியின் பெயரால் 1940களில் ஒரு புகையற்ற அடுப்பு பரவியது. களிமண்ணால் ஆனது, பாத்திரங்களுக்கு வரிசையாகக் கண்கள், கடைசியில் ஒரு புகைபோக்கி.

அடுத்து வந்தவர் ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு. அவர் வடிவமைத்த அடுப்பைக் கோடிக்கணக்கான மக்களுக்கானது என்று அறிமுகப்படுத்தும் சிறுநூல் 1953இல் சென்னையில் கிறித்தவ இலக்கியச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. புகை, கரி, வெப்பம், எரிபொருள் விரயம், தீ அபாயம் ஆகிய ஐந்திலிருந்தும் இல்லத்தரசிக்கு விடுதலை என்பது அவர் முழக்கம். நாடு விடுதலை பெற்ற ஆறாம் ஆண்டில் ஒரு பொறியாளர் அச்சொல்லை அடுக்களைக்குக் கொண்டுவந்தது எனக்குப் பெரிய செயலாகவே தோன்றுகிறது.

எனினும் அடுப்பு பரவவில்லை. 1980களின் தொடக்கத்தில் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2002இல் அத்திட்டம் முடிவதற்குள் ஏறத்தாழ மூன்றரைக் கோடி அடுப்புகள் கட்டப்பட்டதாகக் கணக்கு. ஆனால் கட்டப்பட்டவற்றில் பல சில ஆண்டுகளுக்குள் கைவிடப்பட்டன. ஏன் என்பதற்குப் பின்னாளில் ஒடிசாவில் ஏறத்தாழ 2,600 குடும்பங்களை நான்காண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு விடை தந்தது. எஸ்தர் டுஃப்லோவும் உடன் ஆய்வாளர்களும் கண்டது இது: முதலாண்டில் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது, பிறகு அந்தப் பயன் மறைந்துபோயிற்று. அடுப்பை நாள்தோறும் எவரும் பயன்படுத்தவில்லை; உடைந்ததை எவரும் பழுதுபார்க்கவில்லை; புகைபோக்கியை எவரும் துடைக்கவில்லை. கூரையேறித் துடைப்பது ஆணின் வேலை. புகையை உண்பதோ பெண். வலிப்பவரும் மருந்து வாங்கவேண்டியவரும் வேறுவேறாக இருக்கும் வீட்டில் மருந்து வந்துசேராது.

பனிநாட்டில் என் மருமகன் வீட்டுக் கம்பிவலை அடைபட்டதும் ஒடிசாவின் களிமண் குழாய் அடைபட்டதும் ஒரே வகை நிகழ்ச்சி. வேறுபாடு ஒன்றுதான்: அங்கே கூரையில் ஒரு கருவி கத்தியது.

"சுருட்டுப் பழக்கம் உண்டா?"

ஆயாவுக்கு அறுபது வயதைத் தாண்டியதும் இரைப்பு வந்தது. கால் வீங்கியது. மருத்துவமனைக்குக் கூட்டிச்சென்றபோது மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "பீடி, சுருட்டுப் பழக்கம் உண்டா?" என்பது. நாங்கள் சிரித்துவிட்டோம். ஆயாவும் சிரித்தார். "வெத்தல பாக்கோட சரிங்க சாமி" என்றார். அக்கேள்வி எவ்வளவு சரியானது என்பது எனக்கு விளங்க நெடுங்காலம் ஆயிற்று.

அதே கேள்வியை 1950களில் தில்லியில் ஒரு பெண்மருத்துவர் தம்மையே கேட்டுக்கொண்டார். அவர் எஸ். பத்மாவதி. 1917இல் பர்மாவில் பிறந்தவர். 1942இல் போரின்போது தாயுடனும் உடன்பிறந்தவர்களுடனும் தப்பிக் கோயம்புத்தூர் வந்துசேர்ந்தார். பின்னாளில் இந்தியாவின் முதல் பெண் இதயநோய் வல்லுநராக அறியப்பட்டு, 2020இல் 103ஆம் வயதில் மறைந்தார். நுரையீரல் கெட்டு அதனால் இதயத்தின் வலப்பக்கம் வீங்கும் நோய், புகைபிடிக்கும் ஆண்களுக்கு உரியது என்று பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருந்தன. அவரிடம் வந்தவர்களிலோ புகைபிடித்தே அறியாத பெண்கள் மிகுதி. 127 நோயாளிகளைக் குறித்த ஆய்வை அவரும் உடன் ஆய்வாளரும் 1959இல் வெளியிட்டனர். அவர்களின் ஐயம் அடுப்புப் புகையின்மேல் விழுந்தது.

அந்தப் புகையை அளந்து பார்க்க மேலும் இருபதாண்டுகள் ஆயின. கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர், அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்களுடன் குஜராத் கிராமங்களுக்குச் சென்று, சமைக்கும் பெண்களின் உடலிலேயே துகள் அளக்கும் கருவியை மாட்டினார். 1983இல் வெளியான முடிவு: சமைக்கும் வேளையில் அவர்கள் சுவாசித்த ஒரு கனமீட்டர் காற்றில் சராசரியாக ஏறத்தாழ 7 மில்லிகிராம் துகள். பெருநகரங்களின் மிக மோசமான புகைமூட்ட நாள்களிலேயே காணக்கூடிய அளவு அது. தொழிற்சாலையின் காற்றை அளந்தவர்கள் அதுவரை அடுக்களையைத் தொழிலிடமாக எண்ணியதில்லை.

தமிழகத்தில் இப்பணியை முன்னெடுத்தது நெமிலிச்சேரியைப் போலவே சென்னையின் மேற்கே இருக்கும் போரூர். அங்குள்ள ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவ நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணனும் குழுவினரும் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 400க்கும் மேற்பட்ட கிராம வீடுகளில் அளந்து, முடிவை 2002இல் வெளியிட்டனர். சமைப்பவர் மட்டுமல்லர், அடுத்த அறையில் இருப்பவரும் சமைக்காதவரும்கூடப் புகையின் பங்கைப் பெறுகிறார்கள் என்பதை அது காட்டியது. ஆயாவின் மடியில் படுத்து ஊதுகுழலின் ஓசையைக் கேட்டு வளர்ந்த எங்களையும் சேர்த்துத்தான்.

உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீட்டில், வீட்டுக்குள் எரியும் எரிபொருளின் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்தனர்.

ஒரு கூரையும் 94 குழந்தைகளும்

மெல்லக் கொல்லும் புகை இது. விரைந்து கொல்வதும் உண்டு. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் மதிய உணவுக்காக மூட்டிய அடுப்பிலிருந்து பற்றிய தீ, கீற்றுக் கூரைக்குத் தாவியது. மாடி வகுப்பறைகளில் இருந்த குழந்தைகளில் 94 பேர் மாண்டனர். நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. பள்ளிகளில் கீற்றுக் கூரை அகற்றப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்தவர்கள் எல்லோரும் கூரையைப் பற்றிப் பேசினார்கள், அது நியாயமே. ஆனால் அடுப்புக்கும் கூரைக்கும் இடையில், முதற்புகை கிளம்பியதும் மாடிக்குச் சொல்ல எதுவும் இல்லை என்பதும் அந்நாளின் செய்திதான்.

அடுப்பு மாறியபின்

2006க்குப் பின் தமிழக அரசு ஏழை வீடுகளுக்கு இலவச எரிவாயு அடுப்பும் இணைப்பும் தந்தது. 2016இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. அடுக்களைகளின் கரி மெல்ல மறையத் தொடங்கிற்று. ஆனால் விறகு முற்றும் போய்விடவில்லை. உருளையின் விலை ஏறும்போதும், வெந்நீர் வைக்கவும், நெல் அவிக்கவும் பல வீட்டுக் கொல்லைகளில் இன்னும் புகைகிறது.

புகை குறைந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. 2018இல் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கருவுற்ற பெண்களைக்கொண்டு ஒரு பெரிய சோதனை தொடங்கியது. இந்தியப் பகுதி தமிழ்நாட்டின் கிராமங்களில், போரூர் நிறுவனத்தின் பொறுப்பில் நடந்தது. பாதிப்பேருக்கு எரிவாயு இலவசமாகத் தரப்பட்டது. அவர்கள் சுவாசித்த புகை வெகுவாகக் குறைந்தது. ஆயினும் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்று 2022இல் முடிவு வெளியாயிற்று. சான்று நம் விருப்பத்துக்கு மாறாக வரும்போதும் அதைக் கேட்டாகவேண்டும். கருவுற்றபின் சில மாதங்கள் புகையைக் குறைப்பது, ஆயுள் முழுதும் சுவாசித்த புகைக்கு ஈடாகுமா என்ற கேள்வி எஞ்சுகிறது.

ஆயா இறந்து ஆண்டுகள் பல ஆயின. அந்த வீட்டை இடித்தபோது அடுக்களையின் உத்தரத்தைத் தொட்டுப் பார்த்தேன். விரல் தடிமனுக்குக் கரி பிசுபிசுவென்று ஒட்டியது. மருமகனின் கம்பிவலையை அடைத்த பொருளும் அதுவே என்பது எனக்கு அன்று தெரியாது. கரியைப் பல ஆண்டுகளாக அண்ணாந்து பார்த்திருக்கிறோம். அதன் மறுபாதி எங்கே படிந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மருமகன் இப்போது இரண்டு அலாரங்களை வைத்திருக்கிறான். ஒன்று புகைக்கு, ஒன்று கார்பன் மோனாக்சைடுக்கு. விறகை ஓராண்டு முன்னதாகவே வாங்கிக் கொட்டகையில் உலர்த்துகிறான். சென்ற வாரம் பேசும்போது, "இப்பவும் எப்பவாவது கத்தும் மாமா. கத்தினா எழுந்து போய்ப் பார்க்கிறேன்" என்றான். ஆயா இருமியபோது எங்களில் ஒருவராவது அப்படி எழுந்து போயிருக்கலாம்.